ஷாம்பெல் மேட்டுக் கல்

அன்பு மகளுக்கு,

நாங்கள் நலம். நீயும் நலமாயிருக்க நல்லூரானை வேண்டுகின்றேன்.

நான் ஊர் திரும்பி ஐந்து கிழமையாகிறது. அம்மாவுடன் இருமுறை கதைத்தாய். தொலைபேசி என் கைக்கு வந்ததும் பேருந்து வந்துவிட்டதென்று வைத்துவிட்டாய். பரவாயில்லை. ‘பீஸ்’ என்று நீங்கள் சொல்லும் அந்த வடகீழ்க் காற்று ஏரிமேல் வந்து காதைத்தான் முதலில் பிடிக்கிறது. கழுத்துத் துணியில்லாமல் வெளியே போகாதே.

உன் ஜெனீவாவைப் பற்றி அம்மா தினமும் கேட்கிறாள். ஏரி நீர் 140 மீற்றர் எழும்புவதைச் சொன்னேன், நம்பவில்லை. ஐக்கிய நாடுகள் வளவில் மயில்கள் உலாவுவதைச் சொன்னேன். அப்படியானால் முருகனும் அங்கேதான் இருப்பான் என்று சிரித்தாள். கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்காக 1997 இல் எதிரே நிறுத்திய, ஒரு கால் முறிந்த 12 மீற்றர் கதிரையையும், மனித உரிமைப் பேரவையின் மார்ச் அமர்வுக்கு வந்து அதன் கீழே காணாமற்போனோரின் படங்களுடன் நின்ற எங்கள் ஆட்களையும் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை. பிளாஸ்டிக் உறையிட்ட படத்தின்மேல் விழுந்த மழைத்துளியைச் சேலைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டேயிருந்த அந்த அம்மாவை உனக்கும் நினைவிருக்கும்.

உன் பிரெஞ்சைக் கேட்டு நான் பூரித்ததை இங்கே பலரிடம் சொல்லிவிட்டேன். ஆனால் மகளே, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் வேலைக்கென்று சொல்லிப் புறப்பட்டாய்; உன் வேலை மேலங்கி கதவுக்குப் பின்னால் அப்படியே தொங்கியது. தேநீருக்குச் சீனி தேடியபோது, அம்மா தந்துவிட்ட திருநீற்றுச் சிமிழைப் பேணிக்குப் பின்னால் கண்டேன். அவள் சுற்றி முடிந்த நூல் அவிழவில்லை. நான் எதையும் கேட்கவில்லை. கேட்பதற்காக இதை எழுதவுமில்லை.

பஸ்தியோன் பூங்காச் சுவரில் ஐந்து மீற்றர் உயரத்தில் நிற்கும் புரட்டஸ்தாந்து சீர்திருத்தவாதிகளான ஃபரேல், கல்வின், பேஸா, நொக்ஸ் நால்வரையும் பார்த்தபோது எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. 1816 இல் தெல்லிப்பழைக்கு வந்த அமெரிக்கப் பாதிரிமாரும், 1824 இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தவர்களும் சமய வழியில் அந்தத் தாடிக்காரர்களின் பேரப்பிள்ளைகள்தாம். பேர்சிவல் பாதிரியாருடனிருந்து வேதாகமத்தைத் தமிழாக்கத் துணைநின்ற நாவலரே பின்னர் சைவத்துக்காக எழுந்தார். உனக்கு நான் அந்தக் கதையின் பின்பாதியை மட்டும் சொல்லி வளர்த்தேன்.

சுவரை விட ஷாம்பெல் மேட்டுக் கல்தான் மனத்தில் நிற்கிறது. பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்னும் திரித்துவத்தை மறுத்தார் என்பதற்காக மிகுவேல் செர்வெட்டஸ் என்ற மருத்துவரை 1553 ஒக்ரோபர் 27 அன்று அங்கே உயிரோடு எரித்தார்கள் என்றாய். நெருப்பு வேண்டாம், வாளால் முடியுங்கள் என்று கல்வின் கேட்டாராம். அவருடைய இரக்கம் அவ்வளவுதான். 350 ஆண்டுகள் கழித்து, 1903 இல், அதே கல்வினின் வழிவந்தவர்கள் தங்களை அவருடைய நன்றியுள்ள பிள்ளைகள் என்று சொல்லிக்கொண்டே, அது அவர் காலத்தின் பிழையென்று கண்டித்து அந்தக் கல்லை நாட்டினார்களாம். அதில் ‘மனச்சாட்சியின் சுதந்திரம்’ என்று வரும் இடத்தை மொழிபெயர்க்கும்போது உன் குரல் இறங்கியது. நீ என்னைப் பார்த்தாய். நான் பேருந்து நேரத்தைக் கேட்டேன்.

ஏன் அப்படிக் கேட்டேன் என்பதைச் சொல்லவேண்டும். ஆச்சியின் செத்தவீட்டுக்கு உடுவில் மாமி பிந்தி வந்தா என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். அவ பிந்தவில்லை. விடியமுன் வந்து ஒழுங்கையில், முருங்கைக்குக் கீழே, வெள்ளைச் சேலையோடு நின்றா. கிறிஸ்தவ வேதக்காரரைக் கட்டியவள் படலை தாண்டக்கூடாதென்று சொன்னது பெரியப்பா இல்லை, நான்தான். பாடையைத் தூக்கியபோது அவ கையை மட்டும் நீட்டினா. நான் அந்தப் பக்கத்தில் காவிக்கொண்டிருந்தேன், தோளை மாற்றவில்லை. பெரியப்பா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டு செத்தும் போய்விட்டார். நானோ சைவ வகுப்பில் பிள்ளைகளுக்கு ‘அன்பே சிவம்’ சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை சைக்கிளில் உடுவிலுக்குப் போனேன். படலை பூட்டியிருந்தது, மாமி வவுனியாவில் மகனோடு நிற்கிறாவாம், அடுத்த மாதம் வருவாவாம் என்று பக்கத்து வீட்டார் சொன்னார்கள். அடுத்த மாதமும் போவேன். வங்கிக்குப் போனதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், நீ உளறிவிடாதே.

அந்தச் சிமிழை நீ திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி, அடுப்படியில் வைக்காதே, ஈரம் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை எங்கே போவதானாலும் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு போ. திரும்பி வந்ததும் அழைத்துக் கதை; அன்று தொலைபேசியை நானே எடுப்பேன்.

அன்புடன்,
அப்பா