அரசு வெளியிடும் பிடிஎஃப் கோப்புகள் பார்வையற்றோரின் கணினியில் ஒலிக்க ஆவன செய்யக் கோரும் மனு

விடுநர்
பார்வை மாற்றுத்திறனாளி கணினிப் பயனர்களும் திரை வாசிப்பான் பயிற்றுநர்களும்,
சென்னை.

பெறுநர்
அரசுச் செயலாளர் அவர்கள்,
தகவல் தொழில்நுட்பவியல் மற்றும் டிஜிட்டல் சேவைகள் துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600 009.

பொருள்: அரசாணைகள், சுற்றறிக்கைகள், விண்ணப்பப் படிவங்கள், இணையவழிச் சான்றிதழ்கள் ஆகியவற்றைத் திரை வாசிப்பான் படிக்கும் பிடிஎஃப்களாக வெளியிட அனைத்துத் துறைகளுக்கும் அறிவுறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். அரசு இணையதளங்களில் ஏற்றப்படும் பிடிஎஃப்களில் பல, கணினியில் தட்டச்சாகி, அச்செடுக்கப்பட்டு, கையொப்பமும் முத்திரையும் பெற்று, மறுபடி ஸ்கேன் செய்யப்பட்டவை. பார்வையுள்ளவர் அதில் அரசாணையைப் படிக்கிறார். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருளான திரை வாசிப்பானுக்குக் கிடைப்பது வெறும் படம். என்விடிஏ என்ற திரை வாசிப்பான் இயங்கும் கணினியில் அடோபி ரீடர் கொண்டு அதைத் திறந்தால், ஆவணம் காலியாக இருப்பதுபோல் தெரிகிறது, ஸ்கேன் செய்த படமாக இருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை மட்டும் ஒலிக்கும். தட்டச்சு செய்தபோது எழுத்தாகவே இருந்ததை இடையில் அச்சு இயந்திரமும் ஸ்கேனரும் அழித்துவிடுகின்றன. அந்த அழிப்பை நிறுத்த வேண்டும் என்பதே இம்மனுவின் முதன்மைக் கோரிக்கை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 42-இன்படி அச்சிலும் மின்னணு ஊடகத்திலும் உள்ள உள்ளடக்கம் அணுகத்தக்க வடிவில் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. தகவல் தொழில்நுட்ப அணுகல்தன்மைக்கு ஐஎஸ் 17802 என்ற இந்தியத் தரமும் இருக்கிறது. அணுகல்தன்மை விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 தீர்ப்பில், டிஜிட்டல் அணுகல் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு தரும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்றும் கூறியது. ஆகவே சட்டத்தை விரித்துரைக்காமல், கோப்பு எங்கே பழுதாகிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறோம்.

ஸ்கேன் செய்யாத கோப்புகளிலும் தமிழ் உடைகிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சான ஆவணத்தில், திரையில் தெரிவது தமிழ்; உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில எழுத்து. ‘அரசாணை’ என்ற சொல் பாமினியில் எம், யூ, ஆர், எச், ஐ, இசட் என்ற ஆறு எழுத்துகளாகக் கிடக்கிறது; எழுத்தைக் குரலாக்கும் ஒலிப்பியும் அதை ‘முர்ஹிஸ்’ என்பதுபோல் படித்துச் செல்லும். ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் ஒருங்குறியை (யூனிகோட்) தரமாக ஏற்று இவ்வரசு 2010-லேயே ஆணையிட்டுவிட்டது. அதே ஆணையில் ஏற்கப்பட்ட, தமிழுக்கென அமைந்த டேஸ் 16 குறியாக்கத்தையும் இங்கே குறிப்பிட்டாக வேண்டும். அது ஒருங்குறியில் எந்த எழுத்துக்கும் நிலையாக ஒதுக்கப்படாத தனிப்பயன் பகுதியில் அமைந்திருப்பதால், பரவலாகப் பயன்படும் தமிழ் ஒலிப்பிகளுக்கு அதன் எழுத்துகள் எவையென்று தெரியாது. அச்சகத்துக்கு டேஸ் 16 உதவலாம். இணையத்தில் ஏற்றும் கோப்புக்கு ஒருங்குறி மட்டுமே பொருந்தும்.

ஒருங்குறியில் தட்டச்சு செய்த பிறகும் ஒரு கண்ணி இருக்கிறது. ‘கொடு’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு கண்ணுக்குக் ககரத்தின் முன்னால் தெரிகிறது. ஆனால் ஒருங்குறியில் உயிர்க்குறி ககரத்தின் பின்னால்தான் பதிவாக வேண்டும். பிடிஎஃப் உருவாக்கும் மென்பொருள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகளைப் பதிந்துவிட்டால், முன்னால் தனித்து நிற்கும் கொம்பை ஒலிப்பி விட்டுவிடும். எஞ்சியது ‘காடு’ என்று ஒலிக்கும். ‘தொகை’, ‘பொருள்’, ‘கோரிக்கை’ எல்லாம் இப்படியே சிதைகின்றன. ‘டு’, ‘சு’ போன்ற கூட்டெழுத்து வடிவங்களுக்கு உரிய குறியெண் கோப்பில் பதியப்படாவிட்டால் அவ்வெழுத்துகள் அடியோடு காணாமல் போகும். பிடிஎஃப் தரத்தில் இதைச் சரிசெய்ய, வடிவத்தோடு சரியான எழுத்தையும் சேர்த்துப் பதியும் ஆக்சுவல்டெக்ஸ்ட் என்ற ஏற்பாடு உண்டு. மென்பொருள் அதைப் பயன்படுத்துகிறதா என்று வாங்கும்போதே கேட்க வேண்டும்.

இப்பழுதைக் கண்டுபிடிக்கத் தனி மென்பொருள் வேண்டாம். பிடிஎஃப்பைத் திறந்து, கன்ட்ரோல் ஏ, கன்ட்ரோல் சி அழுத்தி, நோட்பேடில் ஒட்டிப் பார்த்தால் போதும். ஒன்றும் ஒட்டப்படவில்லை என்றால் அது ஸ்கேன் படம். ஆங்கில எழுத்துகள் வந்தால் பழைய எழுத்துரு. கொம்புகள் இடம் மாறியோ எழுத்துகள் விடுபட்டோ இருந்தால் ஏற்றுமதியில் பழுது. எந்த அலுவலக உதவியாளரும் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை இது.

ஆவணத்தை வேர்டில் முடித்தபின் ‘மைக்ரோசாஃப்ட் பிரின்ட் டு பிடிஎஃப்’ வழியாக அச்சிடும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். அப்படி எடுக்கும் கோப்பில் தலைப்பு, பத்தி, அட்டவணை எது என்று சொல்லும் டேக் குறிகள் இருப்பதில்லை. ‘சேவ் ஆஸ்’ சென்று பிடிஎஃப்பைத் தேர்ந்து, ‘ஆப்ஷன்ஸ்’ பெட்டியில் அணுகல்தன்மைக்கான ஆவணக் கட்டமைப்பு டேக்குகள் என்ற வரியில் டிக் இருக்க வேண்டும். அதே பெட்டியில், எழுத்துருவைப் பதிக்க முடியாதபோது எழுத்தைப் படமாக மாற்றும் ‘பிட்மேப் டெக்ஸ்ட்’ என்ற வரியில் டிக்கை எடுத்துவிட வேண்டும். லிப்ரே ஆபீஸ் பயன்படுத்துவோர் பிடிஎஃப் ஏற்றுமதிப் பெட்டியில் பிடிஎஃப்/யுஏ என்ற அணுகல்தன்மைத் தரத்தைத் தேர்ந்தால் போதும்.

அதற்கு முன், தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல் ஹெடிங் ஸ்டைல் கொடுக்க வேண்டும். அப்போதுதான் நாற்பது பக்க அரசாணையில் எச் விசையை அழுத்தி அடுத்த தலைப்புக்குத் தாவ முடியும். அட்டவணையின் முதல் வரிசையைத் தலைப்பு வரிசையாகக் குறிக்காவிட்டால், ‘12,500’ என்ற எண் ஊதியமா, பிடித்தமா என்று கேட்பவருக்குத் தெரியாது. தமிழ்ப் பத்திக்குத் தமிழ் என்றும் ஆங்கிலப் பத்திக்கு ஆங்கிலம் என்றும் மொழி குறித்தால், ஒலிப்பி தானே குரலை மாற்றிக்கொள்ளும்.

கையொப்பத்துக்காகத்தான் ஸ்கேன் என்றால், மின்கையொப்பம் இருக்கிறது. டேக் உள்ள பிடிஎஃப்பில் மின்கையொப்பம் இடுவதால் டேக் அழியாது. மை கையொப்பம் தவிர்க்க முடியாத இடத்தில், ஸ்கேன் பிரதியின் பக்கத்திலேயே எழுத்துப் பிரதியையும் அதே அரசாணை எண்ணில் ஏற்றலாம். கோப்பின் அளவைக் குறைக்க மீண்டும் ‘பிரின்ட்’ கொடுத்தால் டேக்குகள் போய்விடும். கடவுச்சொல் பாதுகாப்பு வைக்கும்போது, திரை வாசிப்பானுக்கு எழுத்தை அனுமதிக்கும் பெட்டியில் டிக் இல்லையென்றால் நல்ல கோப்பும் ஊமையாகும்.

சேவையகத்தில் தானாக உருவாகும் சான்றிதழ், ரசீது, நுழைவுச்சீட்டு ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் தேவை. ஒரு நிரலைத் திருத்தினால் அடுத்து வரும் எல்லாச் சான்றிதழ்களும் சரியாகும் என்பதால், குறைந்த செலவில் நிறைந்த பயன் இங்குதான். ஐடெக்ஸ்ட் போன்ற நிரல் நூலகங்களில் டேக் வசதி உண்டு. நிரலர் அதை இயக்கினால்தான் வேலை செய்யும். தமிழ் எழுத்துகள் சரியாகச் சேர்வதற்கு அதில் பிடிஎஃப்கேலிகிராஃப் என்ற கூடுதல் தொகுதி வேண்டும். அது இல்லாமல் தமிழ் உடைவதைக் கண்டு, தமிழ் வரிகளைப் படமாக ஒட்டிவிடுவது எளிய வழியாகத் தெரியலாம். அந்த வரிகள் அத்தோடு ஒலிக்காமல் போகும். மாற்றாக, சான்றிதழை இணையப்பக்க மொழியான எச்டிஎம்எல்லில் அமைத்துக் குரோமியம் உலாவி வழியாக டேக் உள்ள பிடிஎஃப்பாக எடுக்கலாம். தமிழ் வடிவமும் அதில் ஒழுங்காக அமைகிறது. எந்த வழியானாலும் நோட்பேடு சோதனை செய்த பிறகே பயன்பாட்டுக்கு விட வேண்டும்.

நிரப்பும் படிவங்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் டூல்டிப் என்ற விளக்கக் குறிப்பில் பெயர் எழுதாவிட்டால் வெறும் ‘எடிட்’ என்று ஒலிக்கிறது. தந்தை பெயரா, ஆதார் எண்ணா என்று ஊகிக்க வேண்டியதாகிறது. டேப் விசை செல்லும் வரிசையும் படிவத்தின் வரிசையோடு ஒத்திருக்க வேண்டும்.

பழைய ஸ்கேன் கோப்புகளுக்கு, படத்திலுள்ள எழுத்தைக் கண்டறிந்து எழுத்தாக மாற்றும் எழுத்துணரி (ஓசிஆர்) ஒன்றே வழி. டெசராக்ட் என்ற எழுத்துணரி தமிழைப் படிக்கிறது. ஆனால் ண, ன மயக்கமும் துணைக்காலை ரகரமாக எடுப்பதும் எண்கள் மாறுவதும் உண்டு. தொகையும் தேதியும் உள்ள ஆவணத்தில் 3 என்பது 8 ஆனால் விளைவு பெரிது. ஆகவே மனிதர் ஒருவர் ஒப்பிட்டுச் சரிபார்க்காமல் எழுத்துணரிப் பிரதியை ஏற்றக் கூடாது. புதிய ஆவணங்களை ஸ்கேன் செய்து எழுத்துணரி கொண்டு மீட்டால் போதும் என்ற எண்ணத்தையும் நாங்கள் ஏற்கவில்லை. சரியான எழுத்து கையில் இருக்கும்போது பிழையுள்ள நகலைத் தர வேண்டிய தேவை எங்கும் இல்லை.

எனவே, குறிப்பிட்ட ஒரு தேதிக்குப் பின் வெளியாகும் ஆவணம் எதையும் ஸ்கேன் வடிவில் மட்டும் ஏற்றக் கூடாது என்று அனைத்துத் துறைகளுக்கும் சுற்றறிக்கை அனுப்புமாறு வேண்டுகிறோம். அதில் மேற்கண்ட ஏற்றுமதிப் படிகளை ஒரு பக்க அளவில் இணைக்க வேண்டும். பழைய எழுத்துருவிலேயே தட்டச்சு நடக்கும் அலுவலகங்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகம் இலவசமாகத் தரும் ஒருங்குறி எழுத்துருக்களையும் எழுத்துரு மாற்றியையும் கொண்டு சேர்க்க வேண்டும்.

அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் ஒப்பந்தப்புள்ளிகளிலும் தமிழ்நாடு மின் ஆளுமை முகமையின் மென்பொருள் ஒப்பந்தங்களிலும் ஐஎஸ் 17802-ஐக் கட்டாய நிபந்தனையாக்கி, நிறுவனத்தின் உறுதிமொழியோடு நிறுத்தாமல், விசைப்பலகையும் என்விடிஏவும் மட்டும் கொண்டு செய்துகாட்டச் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்கு வாங்கும் பிடிஎஃப் மென்பொருளுக்கும் இது பொருந்தும்: பெயரில்லாப் பொத்தான்கள் ‘பட்டன், பட்டன்’ என்று ஒலிக்கும் மென்பொருளில் பார்வையற்ற அரசு ஊழியர் கையொப்பமிடவோ குறிப்பு எழுதவோ முடியாது. சோதனைக் குழுவில் பார்வையற்ற வல்லுநர்களை உரிய ஊதியத்துடன் அமர்த்தவும் வேண்டுகிறோம்.

இருப்பில் உள்ளவற்றில் இப்போது பயன்பாட்டிலுள்ள விண்ணப்பப் படிவங்களை முதலிலும், நடைமுறையிலுள்ள நலத்திட்ட அரசாணைகளை அடுத்தும், மற்றவற்றைக் கேட்பு வரும்போதும் மாற்றித் தரலாம். கேட்பை அனுப்ப ஒவ்வொரு துறையின் இணையதளத்திலும் ஒரு மின்னஞ்சல் முகவரியும், பதில் தர வேண்டிய கால வரம்பும் குறிப்பிடப்பட வேண்டும். பழுதான கோப்புகளின் மாதிரிகளையும் திருத்திய வடிவங்களையும் தங்கள் அலுவலர்கள் முன் இயக்கிக் காட்ட நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். அதற்கு ஒரு நாள் ஒதுக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பார்வை மாற்றுத்திறனாளி கணினிப் பயனர்கள், திரை வாசிப்பான் பயிற்றுநர்கள்

நகல்: மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் அவர்கள், சென்னை.