சோளக்காட்டு வான்கோழிகள்

கண்ணு,

உனக்கு வேலை அதிகம் போல. கொலுவைக் காட்டலாம் என்று அம்மா இரண்டு தடவை வீடியோவில் கூப்பிட்டாள். சரி, பரவாயில்லை. டென்வரில் பனி எப்போது விழும் என்று சொல்ல முடியாது. குளிர்கால டயரை இந்த வாரமே மாற்றிவிடு.

இங்கே விஸ்கான்சினில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. பின்பக்கக் காட்டில் மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது, சிந்திக் கிடப்பதைப் பொறுக்க வான்கோழிகள் வருகின்றன. நீ வாங்கிக் கொடுத்த பைனாகுலரோடு விடிகாலையிலேயே சமையலறை ஜன்னலில் நின்றுவிடுகிறேன். செப்டம்பர் நடுவில் இலையுதிர்கால வேட்டை தொடங்கிவிட்டதால், தபால் பெட்டிவரை போவதற்கும் ஆரஞ்சு சட்டை. அம்மா சிரிக்கிறாள்.

ஐந்தாம் வகுப்பில் நீ செய்த சார்ட் இன்னும் கராஜில் இருக்கிறது. இந்த மாநிலத்தில் அற்றே போயிருந்த பறவை, 1976இல் மிசௌரியிலிருந்து 29 கொண்டுவந்து வெர்னான் கவுண்டியில் விட்டார்கள், அதிலிருந்து பெருகியது என்று படம் போட்டு எழுதியிருந்தாய். முதல் பரிசு. நீ எதில்தான் இரண்டாவதாக வந்தாய்? அதையும் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவன் நான்தான்.

சொல்ல வந்தது வேறு. இந்தப் பருவத்தில் பெட்டைகள் குஞ்சுகளோடு ஒரு கூட்டம், சேவல்கள் தனிக் கூட்டம். நம் காட்டுக்கு வருவது ஐந்து சேவல்கள். அதில் ஒன்று கிழம், நெஞ்சில் தாடி தரையைத் தொடுகிற மாதிரி தொங்கும். தோகை விரிப்பதும் கூவுவதும் வசந்தகால வேலை. இது அக்டோபரில், பக்கத்தில் ஒரு பெட்டைகூட இல்லாமல், ஒரு வாரமாகத் தினமும் காலையில் தோகையை விரித்துக்கொண்டு கூவியது. மயிலைப் பார்த்து ஆடுகிறது என்று நம் ஊரில் கேலி பேசுவார்கள். இது மயிலைக் கண்ணால் பார்த்ததே இல்லை, பாவம். அபூர்வமாகச் சிலது இப்படிச் செய்யும், யார் பெரியவன் என்று மற்றதுக்குக் காட்டத்தான் என்றார் பக்கத்து வீட்டுக்காரர். வசந்தத்தில் சேவலையோ தாடி இருப்பதையோதான் சுடலாம், இப்போது ஆண் பெண் எதுவானாலும் சரி. ஆனாலும் அவருக்கு அந்தக் கிழத்தின் மேல்தான் கண். கூவிக் கூவி அதுவே இடத்தையும் காட்டிக் கொடுத்துவிட்டது.

சனிக்கிழமை காலை வெடிச் சத்தம். நான் ஜன்னலில்தான் இருந்தேன். கிழம் விழுந்து இறக்கையை அடித்துக்கொண்டது. மற்ற நான்கும் துள்ளி விலகின. பறந்துவிடும் என்று நினைத்தேன். பறக்கவில்லை. திரும்பி ஓடிவந்து, அதன் மேல் ஏறித் தலையில் கொத்தின, கால் முள்ளால் உதைத்தன. துடிப்பு அடங்கின பிறகும் விடவில்லை. அவர் எழுந்து நடந்து வந்த பிறகுதான் ஓடின. "இது வழக்கம்தான், இத்தனை நாள் அதற்குப் பயந்து கிடந்தவை இல்லையா" என்றார். கறி கொடுத்தார். அம்மா மிளகு போட்டு வறுத்தாள். எனக்கு இறங்கவில்லை.

அடிபட்ட கோழியை மற்றது கொத்தும் என்று அப்பத்தா உடனே கூடை போட்டுக் கவிழ்த்துவிடுவாள். அந்த வீட்டில் வளர்ந்தவன் நான்.

நீ பெட்டிகளோடு வந்து இறங்கின அந்த மார்ச் மாதம். சித்தி போனில் கேட்டதையும் அண்ணன் சிரித்ததையும் நீ மறந்திருக்கலாம். சாப்பாட்டு மேசையில் நான் சொன்னதை மறந்திருக்க மாட்டாய். கவலையில் வந்த வார்த்தை என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். சொன்னபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகவே இருந்தது, கண்ணு. நீ காலேஜ் போன நாளிலிருந்து வீட்டில் எது பேசினாலும் "பாப்பாவைக் கேளுங்க" என்பாள் அம்மா. அன்றைக்குத்தான் என் பேச்சுக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். நீ தட்டைக்கூடக் கழுவாமல் எழுந்து மாடிக்குப் போனாய். நான் இன்னொரு கை சோறு போட்டுக்கொண்டேன்.

இதற்குப் பதில் எழுத வேண்டும் என்றில்லை.

அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. கராஜைச் சுத்தம் செய்ய வேண்டும், சார்ட்டைத் தூக்கிப் போடுங்கள் என்கிறாள். போட மாட்டேன். மீதி நான்கு சேவல்களும் இன்று காலை வந்தன, சத்தமே இல்லாமல் மேய்ந்துவிட்டுப் போயின.

டயர் மறக்காதே. நான்கையும் மாற்று, முன்னால் இரண்டு மட்டும் போதும் என்று கடைக்காரன் சொன்னால் கேட்காதே. பில்லை எனக்கு அனுப்பு.

அப்பா