செயலாளர் அறிக்கை 2025: கையெழுத்து யாருடையது

நம் தையல் யூனிட் ஓனர்கள் சங்கத் தலைவருக்கும், பொருளாளர் அண்ணனுக்கும், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். சந்தா பாக்கிப் பட்டியலும் அவரிடம்தான் இருக்கிறது, நான் அதற்குள் போகவில்லை. கம்பெனிகளுக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் கூலி உயர்வுக்குப் பேச்சுவார்த்தை நடக்கிறது, போன ஆண்டறிக்கையிலும் இதே வாக்கியத்தைத்தான் எழுதியிருந்தேன். சாக்கடை மனு கொடுத்தோம், பதில் இல்லை. இந்த வருடம் நாம் உருப்படியாகச் செய்தது சம்மதம், பாலியல் துன்புறுத்தல், உடல்நலம் பற்றி யூனிட்டுகளில் நடத்திய பயிற்சி ஒன்றுதான். அதையும் முதலில் தப்பாகச் செய்து பிறகுதான் சரிசெய்தோம். அதனால் மற்றதையெல்லாம் சுருக்கிவிட்டு இதைக் கொஞ்சம் நீளமாகவே எழுதியிருக்கிறேன்.

எங்கிருந்து ஆரம்பித்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன வருடம் நம் சங்கம் ஒரு இலவச மருத்துவ முகாம் நடத்தியது நினைவிருக்கும். ரத்தம் எடுக்க வந்தவர்கள் ஒப்புதல் படிவம் என்று ஒரே ஒரு தாளை நீட்டினார்கள். "இத்தனை பேர்கிட்ட தனித்தனியா வாங்கிட்டிருந்தா பொழுதுக்கும் முடியாதுங்க, நீங்க செயலாளர்தானே, மொத்தமாப் போட்டுக் குடுத்துருங்க" என்றார்கள், நானும் போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை, ரத்தசோகையோடு எச்.ஐ.வி.யும் அதில் அடக்கம் என்பதை நான் படித்துப் பார்க்கவில்லை. முடிவுகளை யூனிட் வாரியாகக் கவரில் போட்டு ஓனர்களிடமே கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு யூனிட்டில் அந்தக் கவர் செக்கிங் டேபிள் மேல் பிரித்தபடி கிடந்தது. அடுத்த வாரச் சம்பளத்துக்குள் ஒரு ஓவர்லாக் டெய்லர் வேலையை விட்டுப் போய்விட்டார். யாரும் அவரைப் போகச் சொல்லவில்லை என்று அந்த ஓனர் இன்றைக்கும் சொல்கிறார். அது உண்மைதான். டீ கிளாஸை மட்டும் தனியாக வைத்தார்கள், அவ்வளவுதான்.

2017ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் என்று ஒன்று இருப்பதும், அது 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருப்பதும் எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். பரிசோதனை செய்ய அந்த ஆளின் சம்மதம் வேண்டும், எதற்காக எடுக்கிறோம் என்பதை விளக்கிச் சொன்ன பிறகு அவர் கொடுக்கும் சம்மதமாக அது இருக்க வேண்டும். முடிவை அவர் அனுமதி இல்லாமல் அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. வேலை கொடுக்க அந்தப் பரிசோதனையை நிபந்தனையாக வைக்கக் கூடாது. என் ஒரு கையெழுத்தில் இதில் எத்தனை மீறப்பட்டது என்று நான் எண்ணிப் பார்த்துக்கொண்டேன், நீங்களும் எண்ணிக்கொள்ளலாம்.

இந்தக் குற்ற உணர்ச்சியில் மட்டும் பயிற்சி தொடங்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தை ஒழுங்காக நடைமுறைப்படுத்தச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவு போட்டதிலிருந்து 'புகாரை விசாரிக்கக் கமிட்டி இருக்கா, போர்டு இருக்கா' என்ற கேள்வி நம் பக்கமும் வரத் தொடங்கியது. ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா வரியை 50 சதவீதமாக்கியதும் ஆர்டர் படுத்துவிட்டது, மெஷின்கள் பாதி நாள் சும்மா நின்றன. சும்மா இருக்கும் நேரத்தில் வகுப்பையாவது வைப்போம் என்று செயற்குழுவில் முடிவெடுத்தோம்.

முதல் வகுப்பு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மைக், திரை, தக்காளி சாதம் எல்லாம் இருந்தது. வந்த வக்கீலம்மா நன்றாகத்தான் பேசினார், ஆனால் 'இசைவு', 'பாலின உணர்திறன்' என்று அவர் சொல்லச் சொல்ல டெய்லருக்கு உதவியாக இருக்கும் கைமடிப் பெண்கள் கொட்டாவி விட்டார்கள். ஓனர்கள் நாம் எல்லோரும் வெளியே திண்ணையில் போனை நோண்டிக்கொண்டிருந்தோம். "க்ளாஸ் அவங்களுக்குத்தானுங்களே, நமக்கெதுக்கு?" என்று ஒருவர் கேட்டதற்கு எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஒடிசா, பீகார் ஆட்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னவர் அவர்களைக் கூட்டிவந்த கான்ட்ராக்டர். வக்கீலம்மா கால்மணி நேரம் பேசினால் இவர் இந்தியில் ஒரே வரியில் முடித்தார். என்ன சொன்னார் என்பது பல நாள் கழித்து, ஓரளவு தமிழ் பழகிய ஒரு பெண் சொல்லித்தான் தெரிந்தது: "ஒழுங்கா வேலை செய்யணுமாம், புகார் கிகார்னு போகக் கூடாதாம்." யார் மேல் புகார் வருமோ அவரிடமே மைக்கைக் கொடுத்திருக்கிறோம்.

அதற்குப் பிறகு மண்டபத்தை விட்டுவிட்டோம். ஒவ்வொரு யூனிட்டாகப் போய், மோட்டாரை நிறுத்திவிட்டு, கட்டிங் டேபிளைச் சுற்றி இருபது இருபத்தைந்து பேரை உட்காரவைத்துப் பேசினோம். முதலில் பெண்கள் தனி, ஆண்கள் தனி, அப்புறம் எல்லோரும் சேர்ந்து. ஓனரும் சூப்பர்வைசரும் கட்டாயம் உட்கார வேண்டும், வராத ஓனருக்கு வகுப்பு கிடையாது. மொழிபெயர்க்க, இங்கேயே கல்யாணம் செய்து செட்டிலாகிவிட்ட ஒரு ஒடியா டெய்லரம்மாவைப் பிடித்தோம். அந்த நேரத்துக்கு அவருக்கு ஷிப்ட் சம்பளத்தைச் சங்கம் கொடுத்தது. பொருளாளர் கொஞ்சம் முனகினார், அப்புறம் கொடுத்துவிட்டார்.

'இசைவு' போய் 'சம்மதம்' வந்தது. "சம்மதம்னா கல்யாணத்துக்குத்தானுங்க கேப்பாங்க?" என்று ஒரு செக்கிங் அம்மா சொன்னார். பக்கத்திலிருந்தவர், "அதுக்கு மட்டும் உங்கிட்ட யார் கேட்டாங்க? எங்கய்யன்தான் வெத்தலை பாக்கு மாத்திட்டு வந்து நின்னாரு" என்றார். பெண்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள், ஆனால் அந்தச் சிரிப்பு நின்ற பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. வக்கீலம்மா அந்த இடத்திலிருந்துதான் பாடத்தைத் தொடங்கினார். அதற்கப்புறம் அவர் தாளையே பார்க்கவில்லை.

இன்னொரு யூனிட்டில் நடந்தது இது. பின்னாலிருந்து குனிந்து, தோளில் கை வைத்துத் தையல் காட்டும் பழக்கம் நம் லைன்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு சிங்கர் டெய்லர் எழுந்து, "தையலைக் காட்டறதுக்கு பீஸைத் தொட்டாப் போதுங்க" என்றார். சூப்பர்வைசர் நல்ல மனுஷர்தான், அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "இருபது வருசமா இப்படித்தானே காட்டறேன், ஒருத்தரும் வேண்டாம்னு சொன்னதில்லையே" என்றார். அதற்கு அந்தப் பெண், "ஒன்றரை ஷிப்ட் யாருக்கு, வீட்டுக்கு யாருன்னு உங்க கைல இருக்கறப்ப எப்படிங்கண்ணா சொல்றது?" என்றார். அன்றைக்கு வக்கீலம்மா சொன்ன எதையும்விட எனக்கு இந்தக் கேள்விதான் மனதில் நின்றது. இப்போது அந்த யூனிட்டில் பீஸை டேபிளில் விரித்து வைத்துக் காட்டுகிறார்கள், டேமேஜ் ஒன்றும் கூடிவிடவில்லை.

'கண்ணு', 'அம்மிணி' என்று கூப்பிடுவதே தப்பா என்று ஆண்கள் பக்கம் ஒரே சண்டை. நம்மூரில் பேத்தியையும் கண்ணு என்போம், காய்கறிக்காரியையும் கண்ணு என்போம், அதையும் சட்டத்தில் போட்டால் வாயைத் தைத்துக்கொள்ள வேண்டியதுதான் என்றார் நம் மூத்த உறுப்பினர் ஒருவர். பதில் பெண்களிடமிருந்தே வந்தது. "கண்ணுங்கறது தப்பில்லைங்கய்யா. ராத்திரி எட்டு மணிக்கு ஆளில்லாத பேக்கிங் ரூம்ல அந்தக் கண்ணு வேற. சொல்றவருக்கும் தெரியும், கேக்கறவளுக்கும் தெரியும், ஓனருங்க நீங்கதான் தெரியாத மாதிரி இருக்கறீங்க." ஐயா அதற்கப்புறம் பேசவில்லை. டீ வந்ததும் முதல் கிளாஸை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

உடல்நலப் பகுதிக்கு எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் அரசு நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் வந்தார். வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்து துண்டுச்சீட்டு முறை வைத்தோம், பேர் எழுத வேண்டாம், லேபிள் டப்பாவில் போட்டால் போதும். பெண்கள் சீட்டில் பாதி வெள்ளைப்படுதலும் நீர்க்கடுப்பும்தான். பாத்ரூம் போகக் கணக்கு வைக்கும் யூனிட்டில் தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார்கள், இதற்கு ஆலோசகர் தேவையில்லை, நாம் வெட்கப்பட்டால் போதும். ஆண்கள் சீட்டில் லாட்ஜில் ரூம் போட்டு 'ஆண்மை' மருந்து விற்பவர்களிடம் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வந்தவர்களின் கதை நிறைய. பால்வினை நோய்க்கு அரசு மருத்துவமனையில் சுகவாழ்வு மையம் இருக்கிறது, பரிசோதனையும் மருந்தும் இலவசம் என்பது பலருக்குப் புதுச்செய்தி. 1097 என்ற எச்.ஐ.வி., எய்ட்ஸ் உதவி எண்ணை எல்லா யூனிட்டிலும் பாத்ரூம் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறோம். வெளிப்பக்கம் ஒட்டினால் நின்று படிக்க மாட்டார்கள் என்று சொன்னது ஒரு கைமடிப் பெண்தான்.

எச்.ஐ.வி. பற்றி அதிகம் வந்த கேள்வி நம் தொழிலுக்கே உரியது: மெஷின் ஊசி விரலில் ஏறிவிட்டால்? அதே மெஷினில் அதற்கு முன் உட்கார்ந்தவருக்கு 'அது' இருந்தால்? ஊசி ஏறாத விரல் நம் லைனில் யாருக்கும் இல்லை. ஆலோசகர் ஒரு சிரிஞ்சையும் ஒரு தையல் ஊசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இதில் குழல் இருக்கிறது, ரத்தம் உள்ளே தங்கும். அது வெறும் கம்பி, வெளிக்காற்றில் கிருமி அதிக நேரம் தாக்குப்பிடிக்காது. விரலைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள், ஊசியை மாற்றுங்கள், யார் உட்கார்ந்திருந்த மெஷினாக இருந்தாலும் இதுதான் முறை என்றார். எச்.ஐ.வி. உள்ளவர் ஒழுங்காகக் கூட்டு மருந்து (ஏ.ஆர்.டி.) எடுத்து, ரத்தத்தில் கிருமி அளவிட முடியாத நிலைக்குக் குறைந்துவிட்டால் உடலுறவு வழியாகக்கூடப் பரவாது என்றும் சொன்னார். இதை ஒருவரும் நம்பவில்லை, மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. இந்தியாவிலேயே முதலில் 1986இல் நம் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்தார்கள், நாற்பது வருடமாகப் போகிறது, இன்னும் டீ கிளாஸிலேயே நிற்கிறோமே என்று அவர் சொன்னபோது நான் தரையைப் பார்த்தேன்.

ஒரு யூனிட்டில் பிசிர் வெட்ட ஒரு திருநங்கை சேர்ந்தார். எந்த பாத்ரூம் என்று முதல் வாரம் முழுக்கப் பேச்சு. பெண்கள் கூடி அவரிடமே கேட்டுவிட்டு, "எங்களோடவே வரட்டும்" என்று முடித்துவிட்டார்கள், ஓனர் வரை வரவில்லை. ஆதாரில் ஒரு பெயர், கூப்பிடும் பெயர் வேறு என்பதால் சம்பள நோட்டில்தான் குழப்பம். 2019ஆம் ஆண்டின் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்கி மாற்றிக்கொள்ளலாம் என்று தகவல் சொன்னோம். நான்கு மாதத்தில் கூலி அதிகம் கிடைக்கும் இடம் பார்த்து அவர் போய்விட்டார், நம்மிடம் வேலை பார்த்த எல்லோரும் போவது போலத்தான்.

இனி கமிட்டி விஷயம். 'ஒன்பது பேர்னு கணக்குக் காட்டினா கமிட்டி வேண்டாமே' என்று என்னிடம் தனியாகக் கேட்டவர்களுக்குப் பொதுவில் பதில். 10 பேருக்குக் கீழே இருந்தால் புகார் நேராக மாவட்ட அளவிலான உள்ளூர் புகார் குழுவுக்குப் போகும். புகாரே ஓனர் மேல் என்றால் எத்தனை பேர் வேலை செய்தாலும் அங்கேதான் போகும். 10 பேரோ அதற்கு மேலோ இருந்து கமிட்டி இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். சங்கத்துக்கே ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனையும் செல்லாது, அந்தந்த யூனிட்டில் அவரவர் போட வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியாள் ஒருவர். இன்னொன்று. இத்தனை வருடம் இந்த மாதிரி விஷயம் வந்தால் சங்க ரூமில் கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு தொகையைப் பேசி முடித்தோம். அதில் நமக்கு ஒரு பெருமையும் இருந்தது. அந்தப் பெண்ணே கேட்டால்தான் சமரசம், அதிலும் பணம் பேசக் கூடாது என்று 2013 சட்டம் சொல்கிறது. எனவே சங்க ரூம் பஞ்சாயத்து இன்றோடு சரி.

ஆண்பிள்ளைப் பையனுக்கு ஹாஸ்டலில் நடந்தால் எங்கே சொல்வது என்று ஒரு சீட்டு வந்தது. 18 வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ. அதற்கு மேல் என்றால் 2013 சட்டத்தில் ஆண்களுக்கு இடமில்லை, போலீஸ்தான். ஆனால் யூனிட்டில் யார் சொன்னாலும் கேட்டு நடவடிக்கை எடுப்பது என்று செயற்குழு தீர்மானம் போட்டிருக்கிறது. அந்தச் சீட்டை எழுதியது யார் என்று தெரியவில்லை, தேடவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

2022இல் திண்டுக்கல்லில் தொழிற்சங்கமும் கம்பெனியும் வெளிநாட்டு பிராண்டும் சேர்ந்து போட்ட ஒப்பந்தத்தில், லைனில் நடப்பதைக் கவனித்துச் சொல்ல தொழிலாளிகளிலேயே ஆட்களைப் போட்டார்கள். அதைப் பார்த்து நாமும் யூனிட்டுக்கு ஒருவர் என்று கேட்டோம். பாதி யூனிட்டுகளிலிருந்து பேர் வரவில்லை. வந்ததிலும் சிலவற்றில் ஓனர் வீட்டுச் சொந்தக்காரப் பெண்ணின் பேர் இருக்கிறது. திருப்பி அனுப்பியிருக்கிறேன், கோபிக்க வேண்டாம்.

வேலையை விட்டுப் போன அந்த டெய்லரைத் தேடிப் போய்ப் பார்த்தேன். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். மன்னிப்புக் கேட்டேன். "நீங்க போட்ட கையெழுத்தா அது?" என்று மட்டும் கேட்டார். திரும்ப வேலைக்கு வரச் சொன்னதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் பேரைச் சொல்லி என்னிடம் யாரும் விசாரிக்க வேண்டாம்.

அடுத்த முகாமுக்கு ஆளுக்கொரு படிவம், தமிழ், இந்தி, ஒடியா மூன்றிலும் அடித்து வந்திருக்கிறது. எச்.ஐ.வி.க்கு அதில் தனிக் கட்டம் உண்டு, வேண்டாம் என்றும் டிக் அடிக்கலாம். முடிவு அவரவர் கையில் மட்டுமே போகும், ஓனர்களுக்குக் கவர் கிடையாது. அச்சுக்கூலி பில் பொருளாளரிடம் இருக்கிறது, பார்த்து மலைக்க வேண்டாம்.

அறிக்கையை ஏற்றுத் தரும்படி பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்