மெம்பிஸைப் பற்றிப் பேசுங்கள்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மறுபடியும் நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதும், மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை நாளான ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமையன்று உங்கள் ஊர் நூலகத்தில், அமெரிக்கக் கறுப்பினத்தவரின் உரிமைகளுக்காகப் போராடிய அந்தத் தலைவரைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேசப் போகிறீர்கள் என்பதும் மகிழ்ச்சி தந்தன. என்ன பேசலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் முன்னிலையில் அவர் ஆற்றிய, "எனக்கொரு கனவு உண்டு" என்ற புகழ்பெற்ற உரையை அமெரிக்கப் பிள்ளைகள் பள்ளியிலேயே கேட்டிருப்பார்கள். அதை விட்டுவிடுங்கள் என்பதே என் யோசனை. அந்த உரையோடு நிறுத்திக்கொள்வதால்தான் அவரை யாருக்கும் உறுத்தாத மனிதராக ஆக்கிவிட்டோம் என்ற ஆதங்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. உயிரோடு இருந்தபோது அவர் பலரை உறுத்தினார். 1966ஆம் ஆண்டு காலப் நிறுவனம் எடுத்த கருத்துக்கணிப்பில் 63 விழுக்காட்டினர் அவர்மீது தங்களுக்கு நல்லெண்ணம் இல்லை என்றே சொன்னார்கள்.

அகிம்சை என்றால் பொறுமைசாலிகளுக்கு இயல்பாக வாய்க்கும் குணம் என்று பிள்ளைகள் நினைக்கக்கூடும். அது பழகிப் பழகிக் கைவரப்பெற்றது என்பதைச் சொல்ல கிங்கின் தோழர் ஜேம்ஸ் லாசனைவிடப் பொருத்தமானவர் இல்லை. கொரியப் போர்க் காலத்தில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறை சென்ற அவர், பிறகு நாக்பூரில் தங்கிக் காந்தியின் வழிமுறைகளைப் படித்தார். பேருந்துகளில் கறுப்பினத்தவர்மீது காட்டப்பட்ட பாகுபாட்டை எதிர்த்து கிங் தலைமையில் நடந்த மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்புச் செய்தியை அங்கிருந்தபடி நாளிதழில்தான் அறிந்தார். நாடு திரும்பியவரை அமெரிக்காவின் தென் மாநிலங்களுக்கு வந்துவிடும்படி வற்புறுத்தியவர் கிங். டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரத் தேவாலயங்களில் லாசன் மாணவர்களை உட்காரவைத்து ஒத்திகை நடத்தினார்: ஒரு சாரார் வசைபாடுவார்கள், தலைமயிரைப் பிடித்து இழுப்பார்கள், நாற்காலியிலிருந்து தள்ளிவிடுவார்கள், மறு சாரார் திருப்பி அடிக்காமல், விழும்போது தலையைக் காத்துக்கொள்ளும் விதத்தைப் பழகுவார்கள். அந்த மாணவர்கள்தாம் 1960இல் உணவு விடுதிகளில் வெள்ளையருக்கென்று ஒதுக்கிய இருக்கைகளில் போய் அமர்ந்தார்கள். சில மாதங்களில் அந்நகரின் பல கடைகளில் அந்தப் பாகுபாடு முடிவுக்கு வந்தது.

இனி அதே மாநிலத்தின் மெம்பிஸ் நகரம். இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். 1968 பிப்ரவரி முதல் நாள் கொட்டும் மழையில் குப்பை வண்டியின் பின்பகுதியில் ஒதுங்கிய இரண்டு கறுப்பினத் துப்புரவுத் தொழிலாளர்கள், குப்பையை அழுத்தும் இயந்திரம் திடீரென்று இயங்கியதால் நசுங்கி இறந்தார்கள். சில நாள்களில் ஏறத்தாழ 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்கள் ஏந்திய அட்டைகளில் புகழ்பெற்றவற்றில் கூலியைப் பற்றியோ சங்க அங்கீகாரத்தைப் பற்றியோ எழுதியிருக்கவில்லை. "நான் ஒரு மனிதன்" என்று மட்டுமே இருந்தது. அப்போது மெம்பிஸில் பாதிரியாராக இருந்த லாசன் அழைக்க, வாஷிங்டனில் ஏழைகள் இயக்கம் ஒன்றுக்கான ஏற்பாடுகளில் மூழ்கியிருந்த கிங், உடனிருந்தவர்கள் தயங்கியும் வந்து சேர்ந்தார். மார்ச் 28 அன்று அவர் நடத்திய ஊர்வலம் கலவரமாகி ஒரு சிறுவன் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டான். அமைதியான ஊர்வலம் ஒன்றை நடத்திக் காட்டியே தீர வேண்டும் என்று திரும்பி வந்த இடத்தில்தான், ஏப்ரல் 4 அன்று, லொரெய்ன் விடுதியின் மாடத்தில் அவர் சுடப்பட்டார். நான்கு நாள் கழித்து அவருடைய மனைவி கொரெட்டா, கணவரை அடக்கம் செய்வதற்கு முன்பே, மெம்பிஸுக்கு வந்து அந்த ஊர்வலத்தைத் தலைமையேற்று நடத்தினார். ஏப்ரல் 16 அன்று நகராட்சி தொழிலாளர் சங்கத்தை ஏற்றுக்கொண்டது. கொரெட்டாவின் மனோதிடத்தை நினைக்கும்போது எனக்கு இன்றும் பேச்சு எழுவதில்லை.

கிங் நினைவு விடுமுறையின் கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: கிங் இறந்த சில நாள்களிலேயே அதற்கான மசோதா கொண்டுவரப்பட்டும், 1983இல்தான் அதிபர் ரீகன் கையெழுத்திட்டார், 1986இல்தான் அது முதன்முதலாகக் கடைப்பிடிக்கப்பட்டது. 1994 முதல் அது தொண்டு நாளாகவும் இருப்பதால் பிள்ளைகள் அன்று பூங்காவைச் சுத்தம் செய்யப் போவார்கள். நல்லதுதான், ஆனால் தினமும் அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு என்ன கூலி கிடைக்கிறது என்று அவர்களையே விசாரித்து வரச் சொல்லுங்கள்.

பேச்சை எழுதி முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்புங்கள். வீட்டில் அனைவருக்கும் என் அன்பைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்