அத்தைக்கு என்ன சாப்பாடு?

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் சுகம். தீபாவளிக்குப் பிறகு நானும் எழுதவில்லை, நீயும் எழுதவில்லை. அந்தப் பஞ்சாயத்தை நேரில் வைத்துக்கொள்ளலாம். இப்போது நீ அனுப்பிய பயணத் திட்டத்துக்கு வருகிறேன். டோக்கியோவுக்கு ஐந்து நாள், கியோட்டோவுக்கு மூன்று நாள், நான் குடியிருக்கிற ஒசாக்காவுக்கு ஒரு மத்தியானமா? வாடிப்பட்டிக் கல்யாணத்தில் பந்தி போடும் முன்பே கிளம்பினவன்தானே நீ!

அதைக்கூட விட்டுவிடலாம். கடைசியில், "அம்மா ரொட்டி, பழம் வைத்துச் சமாளித்துக்கொள்வார்கள்" என்று ஒரு வரி எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. மாமா போன பிறகு அத்தை ஊரைவிட்டுக் கிளம்புவது இதுதான் முதல் தடவை. நம் கூட்டம் முழுவதற்கும் நடுராத்திரியில் தோசை சுட்டுப் போட்டவர், பயணம் முழுக்க ரொட்டியைப் பிய்த்துத் தின்ன வேண்டுமா? அதோடு, இங்கே சில ரொட்டிகளில் பன்றிக்கொழுப்பும் சேர்க்கிறார்கள், தெரியுமா?

அத்தை மாதிரி சைவக்காரர்களுக்கு ஜப்பானில் என்ன சிக்கல் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கறியும் மீனும் கண்ணுக்குத் தெரியும், ஒதுக்கிவிடலாம். தாஷி தெரியாது. எல்லாச் சமையலுக்கும் அடியில் இருக்கிற சாறு அது. உலர்த்திப் புகையூட்டிய கட்சுவோ மீனைச் சீவிப்போட்டு எடுப்பார்கள். மிசோ சூப், உதோன் குழம்பு, கீரை ஊறுகிற தண்ணீர் என்று எல்லாவற்றிலும் அது உண்டு. ஒசாக்காவின் சொந்தப் பலகாரமான கிட்சுனே உதோனைப் பார்த்தால் வெள்ளை நூடுல்ஸ், மேலே இனிப்பாக வெந்த தோஃபு. அத்தை கை நீட்டிவிடுவார். ஆனால் அந்தக் குழம்பில் மீன். ஒக்கோனோமியாக்கி என்கிற அடை மாதிரிப் பலகாரத்தில் முட்டைக்கோஸ் நிறைய இருக்கிறது என்று நம்பிவிடாதே; மாவில் முட்டையும் தாஷியும், மேலே மீன் சீவல் சூட்டில் நெளிந்துகொண்டிருக்கும். தாக்கோயாக்கிக்குள் ஆக்டோபஸ் இருப்பது உனக்கே தெரியும்.

ஆனால் தாஷியில் பாதி கடற்பாசி. வடக்கே ஹொக்கைதோ தீவில் விளைகிற கொம்பு என்கிற அந்தப் பாசியை முந்நூறு வருஷத்துக்கு முன்பே கப்பல்கள் மேற்குக் கடல் வழியாக ஒசாக்காவுக்குக் கொண்டுவந்து குவித்தன. அரிசியும் இங்கேதான் வந்து இறங்கியது. தோஜிமா அரிசிச் சந்தையில் 1730-லேயே முன்பேர வணிகம், அதாவது பின்னால் வரப்போகிற சரக்குக்கு இப்போதே விலை பேசி வைக்கிற வணிகம், அரசு அனுமதியோடு நடந்தது. நாட்டின் சமையலறை என்று இந்த ஊருக்குப் பெயர் வந்தது அப்படித்தான். 1908-இல் இக்கேதா கிக்குனாயே என்ற வேதியியலாளர் உமாமி என்கிற ஐந்தாவது சுவைக்குக் காரணமான குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்ததும் இந்தக் கொம்பிலிருந்துதான். கொம்பும் உலர்ந்த ஷிட்டாக்கே காளானும் மட்டும் போட்டு எடுக்கிற சாறு சுத்த சைவம். பௌத்த மடங்களின் சமையல் முழுக்க அதன் மேல்தான் நிற்கிறது. அதில் பூண்டு, வெங்காயம்கூடக் கிடையாது. அமாவாசைச் சமையலில் அத்தை ஒதுக்குகிற அதே சாமான்கள்!

அதனால் என் யோசனை இது. டோக்கியோவில் இரண்டு நாளைக் குறை. ஒசாக்காவின் நம்பா நிலையத்திலிருந்து நன்காய் ரயில் பிடித்தால் ஒன்றரை மணி நேரத்தில் கோக்குராக்குபாஷி, அங்கிருந்து கேபிள் கார், மேலே கோயாசான். 816-இல் கூக்காய் என்ற துறவி அமைத்த மலை. ஐம்பது மடங்கள்போலத் தங்க இடம் தருகின்றன. மாலை ஆறு மணிக்குள் சாப்பாடு வந்துவிடும்: எள்ளில் செய்த தோஃபு, பனியில் உறைய வைத்துக் காயவைத்த கோயா தோஃபு, மலைக்கீரை, சுடச்சுடச் சோறு. முன்பதிவு செய்யும்போதே முட்டை, மீன்சாறு வேண்டாம் என்று எழுதிவிடுவேன். கூக்காய் சாகவில்லை, 835 முதல் தியானத்தில் இருக்கிறார் என்பது அங்கே நம்பிக்கை. தினமும் இரண்டு வேளை அவருக்குச் சாப்பாடு தூக்கிப்போகிறார்கள். கூடவே நின்று அதைப் பார்க்கலாம். அத்தைக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஏப்ரலிலும் குளிரும், சால்வை எடுத்து வை.

ஊருக்குள் திரும்பினால், என் வீட்டில் அடுப்பும் குக்கரும் இருக்கிறது. குரோமோன் சந்தையில் நல்ல கொம்பாக வாங்கித் தருகிறேன். ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் மெதுவாகச் சூடேற்றி, கொதிக்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். அந்தத் தண்ணீரில் அத்தை ரசம் வைத்தால் எப்படி இருக்கும் என்று இப்போதே நாக்கு ஊறுகிறது.

வாய்க்கால் ஓரத்துக் கடைத்தெருவான டோத்தோன்போரிக்கு ராத்திரி போவோம். 1935-இல் முதலில் வைத்த, கிளிகோ மிட்டாய்க் கம்பெனியின் அந்த விளம்பர ஓட்டக்காரன் முன்னால் படம் எடுத்துக்கொள், நான் தடுக்கவில்லை. இரண்டு தெரு தள்ளினால் ஹோசென்ஜி சந்து. அங்கே ஃபுதோ மியோஓ என்கிற பௌத்தக் காவல் தெய்வத்தின் சிலை. வருகிறவர்கள் எல்லாம் தண்ணீர் ஊற்றி ஊற்றி உடம்பு முழுக்கப் பாசி படிந்திருக்கும். நம் நாட்டிலிருந்து போன அசலன்தான் அவர். அத்தையும் ஒரு கரண்டி ஊற்றட்டும். பக்கத்திலேயே மெஓதோ சென்சாய் கடை. சிவப்புப் பயறும் சர்க்கரையும் சேர்த்த இனிப்புக் கஞ்சியில் அரிசிக் கொழுக்கட்டை. ஒரு ஆளுக்கு இரண்டு கிண்ணமாகத் தருவார்கள், தம்பதி பகிர்ந்து சாப்பிட்டால் நல்லது என்பார்கள். தங்கச்சிக்கு முழுசாக ஒரு கிண்ணம் கொடுத்துவிடு, வழக்கம்போல இரண்டையும் காலி பண்ணாதே.

ஒசாக்காக் கோட்டையைப் பொறுத்தவரை, கோபுரம் 1931-இல் ஊர்ச்சனங்கள் பணம் போட்டுக் கட்டிய கான்கிரீட். உள்ளே லிப்ட் இருக்கிறது. நாட்டை ஆண்ட தளபதி ஹிதேயோஷி கட்டியது 1615-இல் எரிந்தது, அடுத்து எழுப்பியது 1665-இல் இடி விழுந்து போனது. நீ பார்க்க வேண்டியது மதில். சாக்குராமோன் வாசலுக்குள் நுழைந்ததும் நிற்கிற ஆக்டோபஸ் கல் என்கிற ஒற்றைப் பாறை நூறு டன்னுக்கு மேல். கடல் வழியாகக் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் நின்றால் கோபுரம் மறந்துவிடும்.

அப்புறம், விடிய விடியத் தோல்பாவைக் கூத்து பார்த்த ஆள் நீ. இந்த ஊர்ப் பொம்மலாட்டமான புன்ராக்குவை விட்டுவிட்டுப் போனால் உன்னோடு பேசமாட்டேன். ஒரு பொம்மைக்கு மூன்று பேர். தலையும் வலது கையும் ஒருவர், இடது கை ஒருவர், கால் ஒருவர். காலுக்கு மட்டுமே பத்து வருஷம் பழகுவார்கள் என்பது இங்கே வழக்கமாகச் சொல்கிற பேச்சு. தாக்கேமோதோ கிதாயூ என்ற பாடகர் 1684-இல் டோத்தோன்போரியில் அரங்கம் தொடங்கினார், நாடகாசிரியர் சிக்காமாட்சு அவருக்காக எழுதினார். இன்றைக்குத் தேசியப் புன்ராக்கு அரங்கம் நிப்போன்பாஷி நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஏப்ரலில் நிகழ்ச்சி உண்டு. பாடுகிறவர் பெரும்பாலும் ஒரே ஆள், அழுகை, கோபம், கிழவி, குழந்தை எல்லாம் அவர் தொண்டையிலிருந்தே வரும். பாஷை புரியாவிட்டாலும் அத்தை அழுவார், பார்.

அத்தை தூங்கிய பிறகு நீயும் நானும் தென்மா பக்கம். நின்றுகொண்டே குடிக்கிற சின்னக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. உட்காருகிற கடைக்குப் போனால் கேட்காமலே ஒரு கிண்ணம் தொட்டுக்கை வைத்து அதற்கும் காசு போடுவார்கள், சண்டைக்குப் போகாதே, அது வழக்கம். அப்புறம் ஷின்செக்காய் பேட்டையில் குஷிகாட்சு: தாமரைத் தண்டு, பூசணி, மாடு, இறால் எல்லாம் குச்சியில் குத்திப் பொரித்தது. பொதுச் சாஸ் வைத்திருந்தால் ஒரே முறைதான் தோய்க்க வேண்டும், கடித்த குச்சியைத் திரும்ப முக்கினால் மானம் போகும். இது நமக்கு மட்டும். எல்லாம் ஒரே எண்ணெய் என்பதால் அத்தைக்கு ஆகாது.

மடத்து அறைகள் ஏப்ரலில் சீக்கிரம் நிறைந்துவிடும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் தேதியை மாற்றி அனுப்பு. அத்தைக்குத் தரையில் மெத்தை போட்டுப் படுக்க முழங்கால் ஒத்துழைக்குமா என்பதையும் கேட்டு எழுது. இல்லையென்றால் கட்டில் இருக்கிற மடமாகத் தேடுகிறேன். வரும்போது கொஞ்சம் புளியும் ரசப்பொடியும்.

உன்
மச்சான்