டி.சி. இல்லாத ஊரிலிருந்து திரும்பும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்சைட் வேலை, கம்பெனி விசா என்று இரண்டு மூன்று வருடத்துக்குக் குடும்பத்தோடு வெளிநாடு போய் வருவது பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கம் இன்று சகஜமாகிவிட்டது. அப்பாவின் விசாவுக்கு ஒரு காகிதம் குறைந்தாலும் வீடே அலைகிறது. பிள்ளையின் பள்ளிக் காகிதங்களை மட்டும் 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டுவிடுகிறார்கள். அதன் விளைவு அங்கே தெரியாது. திரும்பி வந்து ஜூன் மாதம் ஒரு தலைமையாசிரியர் அறை வாசலில் நிற்கும்போதுதான் தெரியும். வடசென்னைப் பள்ளிகளில் பல ஆண்டுகள் சேர்க்கைப் பதிவேட்டைக் கையாண்ட ஆசிரியர்கள் நாங்கள். போகும்போதே திரும்பி வருவதற்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம். பள்ளிக்கல்வித் துறைக்கும் ஒரு கோரிக்கை உண்டு.

'கொஞ்ச நாள்தானே, பெயர் இங்கேயே இருக்கட்டும்' என்று டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) வாங்காமல் விமானம் ஏறுவதுதான் முதல் தவறு. எமிஸ் என்ற அரசின் மாணவர் பதிவுத் தளத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் எண் இருக்கிறது. டி.சி. கொடுத்ததும் பழைய பள்ளி அந்தப் பதிவைக் 'காமன் பூல்' என்ற பொதுத் தொகுப்புக்கு மாற்றிவிடும். திரும்பி வந்து சேரும் பள்ளி அதே எண்ணைப் போட்டு அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். டி.சி. வாங்காவிட்டால் பெயர் பழைய பள்ளியிலேயே சிக்கி நிற்கும். புதிய பள்ளி வேறு வழியில்லாமல் புதுப் பதிவு போட்டால் ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் ஆகிவிடும். பத்தாம் வகுப்புத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகும்போது அந்தக் குளறுபடி வெளியே வரும். எமிஸ் எண்ணை டி.சி. நகலின் மேலே பெரிதாக எழுதி, கைப்பேசியில் படம் பிடித்தும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பெயர். இங்கே எஸ். இனியா என்றிருப்பவள் பாஸ்போர்ட்டில் இனியா செல்வம் ஆவாள். அப்பா பெயர் 'சர்நேம்' கட்டத்தில் வர வேண்டும். அவசரத்தில் இரண்டையும் மாற்றிப் போட்டுவிட்டால் வகுப்பில் ஆசிரியை 'செல்வம்' என்று கூப்பிடுவார். அப்பாவை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று பிள்ளை விழிக்கும். சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் இனியா குடும்பப் பெயராகி, அவள் பெயர் வரவேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்) என்று மூன்று எழுத்து விழும். அதுவே பள்ளிப் பட்டியலிலும் ஏறிவிடலாம். பாஷை தெரியாத ஊரில் ஆறு வயதுக் குழந்தைக்குச் சொந்தம் என்றிருப்பது அதன் பெயர் ஒன்றுதான். கூப்பிடும் பெயரை முதல் நாளே வகுப்பாசிரியரிடம் எழுதிக் கொடுங்கள். கிளம்பும் முன் இங்குள்ள பள்ளியில் ஒரு போனஃபைடு சான்றிதழ் கேளுங்கள். எஸ். இனியாவும் இனியா செல்வமும் ஒருவரே என்பது, பெற்றோர் பெயர், பிறந்த தேதி, எமிஸ் எண் ஆகியவை அதில் இருந்தால் திரும்பி வரும்போது பாதி வேலை முடிந்தது. 15 வயதுக்குட்பட்டவர்களின் பாஸ்போர்ட் 5 வருடம்தான் செல்லும் என்பதையும் கவனியுங்கள்.

தடுப்பூசி அட்டையைப் புதிதாக ஒரு தாளில் எழுதி, மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். மாதத்தை எண்ணில் போடாமல் எழுத்தில் போடச் சொல்லுங்கள். நாம் 05/08/2019 என்று எழுதுவது ஆகஸ்ட் 5. அமெரிக்காவில் அதை மே 8 என்று படிப்பார்கள். ஊசிகளுக்கு இடையேயான இடைவெளி கணக்குத் தப்பி, போட்ட ஊசியையே மறுபடி போடச் சொல்வார்கள். நம் அரசு அட்டவணையில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கும் சின்னம்மைக்கும் கிடையாது. அமெரிக்கப் பள்ளிகள் அவற்றையும் கேட்கும். ஜெர்மனியில் 2020 மார்ச்சிலிருந்து தட்டம்மை ஊசிக்கு ஆதாரம் காட்டியாக வேண்டும். பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி போட்ட பிள்ளைக்குத் தோலில் செய்யும் காசநோய்ச் சோதனை நோய் இல்லாமலே தடித்துக் காட்டலாம். பயப்படாமல் ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

பெரியவர்கள் நினைத்தே பார்க்காத ஒன்று கழிப்பறை. மேலை நாடுகளில் தண்ணீர்க் குழாய் இருக்காது, காகிதம்தான். வீட்டில் பழக்காமல் அனுப்பினால் பிள்ளை காலை எட்டு மணியிலிருந்து மாலை வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடும். மலச்சிக்கலும் வயிற்றுவலியும் வரும். போவதற்கு ஒரு மாதம் முன்பே காகிதத்தில் துடைக்கப் பழக்குங்கள். 'டாய்லெட் போகணும்' என்பதைத்தான் அந்த ஊர் மொழியில் முதல் வாக்கியமாகச் சொல்லிக்கொடுங்கள். திரும்பி வரும்போது இதே கதை தலைகீழாக நடக்கும். குந்தி உட்காரத் தெரியாத எட்டு வயதுப் பிள்ளை இங்குள்ள பள்ளியில் அதே பாடு படும்.

சாப்பாட்டு டப்பாவை அங்கே யாரும் சூடு பண்ணித் தரமாட்டார்கள். ஆறினாலும் இறுகாத தயிர்சாதம், எலுமிச்சைச் சாதம், சப்பாத்தி உருளை போல ஏதாவது வையுங்கள். பல பள்ளிகளில் ஒவ்வாமை காரணமாக வேர்க்கடலைக்கும் முந்திரிக்கும் தடை உண்டு. வேர்க்கடலை போட்ட பொடியும் சட்னியும் அதில் அடங்கும். 'அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்' என்ற பழமொழியையும் இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். பிள்ளையை அடிப்பதை ஸ்வீடன் 1979-லும் ஜெர்மனி 2000-த்திலும் சட்டத்தால் தடை செய்துவிட்டன. பள்ளியில் பிள்ளை வாய்தவறிச் சொன்னாலும் விசாரணைக்கு ஆள் வரும்.

எங்களுக்கு அதிகக் கவலை தருவது தமிழ். ஒன்பது பத்து வயதில் சரளமாகப் படிக்கத் தெரிந்து போகிற பிள்ளை அவ்வளவாக இழப்பதில்லை. ஐந்து வயதில் போகிற பிள்ளைக்கு ஒரே வருடத்தில் பதில் ஆங்கிலத்தில் வர ஆரம்பித்துவிடும். கேட்டால் புரியும், பேச வராது. எழுத்தில் முதலில் போவது உகர வரிசை. ஆகாரத்துக்குக் கால், இகரத்துக்குக் கொக்கி என்று ஒரே அடையாளம் இருக்கிறது. கு, சு, டு, மு, ரு ஒவ்வொன்றும் ஒரு வடிவம். தினமும் எழுதாத கை அதை மறந்துவிடும். அடுத்து ஒகர வரிசை. 'கொ' என்று சொன்னால் ஆங்கிலம் பழகிய பிள்ளை காதில் விழும் வரிசைப்படி முதலில் 'க' எழுதிவிட்டு, கொம்பை எங்கே போடுவது என்று தேடும். அப்போது திட்டாதீர்கள். கொம்பு, க, கால் என்று மூன்று துண்டுக் காகிதத்தில் எழுதி அடுக்கச் சொல்லுங்கள், சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

இரட்டைக்கோடு நோட்டு அங்கே கிடைக்காது. பாரிமுனைப் பக்கம் ஒரு டஜன் வாங்கிப் பெட்டியில் வையுங்கள். படிக்கும் வகுப்புக்கும் அதற்கு முந்தைய வகுப்புக்கும் உரிய தமிழ்ப் பாடநூல்களைக் கையில் கொண்டுபோங்கள். மற்ற பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. தினமும் 20 நிமிடம் போதும்: பத்து வரி வாய்விட்டுப் படிப்பது, ஐந்து சொல் டிக்டேஷன், இங்கே இருக்கும் ஆயாவுக்கு இரண்டு வரிக் கடிதம். வாரத்தில் ஒரே நாளில் இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் வெறுப்புதான் வரும். சிங்கப்பூருக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அங்கே தமிழ் ஆட்சிமொழி, பள்ளியில் தாய்மொழிப் பாடமாகவும் எடுக்கலாம். மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகளே உண்டு. மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் சான்றிதழ்ப் பாடங்கள் இருக்கின்றன. 2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்துக்குப் பிறகு தமிழை ஒதுக்கிவைத்துப் பத்தாம் வகுப்பைத் தாண்டிவிடலாம் என்று எண்ண வேண்டாம்.

கணக்கில் ஒரு சின்னத் தடுமாற்றம் வரும். பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழைப் பிள்ளை 1,234,567 என்று மூன்று மூன்றாகப் பிரித்து எழுதும், இங்கே 12,34,567. வாய்ப்பாடும் அடி வாங்கியிருக்கும். இரண்டும் ஒரு மாதத்தில் சரியாகிவிடும்.

எப்போது திரும்புவது? ஏப்ரல் கடைசி அல்லது மே. டிசம்பரில் வந்தால் அரையாண்டுத் தேர்வு முடிந்த வகுப்பில் போய் விழுவார்கள். ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைவதற்கு முன் வந்துவிடுவது நல்லது, சி.பி.எஸ்.இ.யில் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான பதிவே ஒன்பதில் நடக்கிறது. அரசுப் பள்ளிப் பெற்றோர் ஒன்றை யோசித்து முடிவெடுங்கள். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் தரும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கு. நடுவில் ஒரு வருடம் வெளிநாட்டில் படித்தாலும் அந்த உரிமை போய்விடும். ஏஜெண்ட்டோ கம்பெனியோ இதைச் சொல்லமாட்டார்கள்.

கடைசியாக அந்த டி.சி. விஷயம். இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனியில் நம் டி.சி. போல ஒன்றே கிடையாது. 'டி.சி. கொடுங்கள்' என்றால் அலுவலகத்தில் முழிப்பார்கள். கிளம்புவதற்கு ஆறு வாரம் முன்பே, பள்ளியின் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் கேளுங்கள். பிள்ளையின் முழுப்பெயர், பிறந்த தேதி, சேர்ந்த நாள், விலகிய நாள், கடைசியாகப் படித்த வகுப்பு, கையெழுத்து, முத்திரை எல்லாம் அதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்தின் ரிப்போர்ட் கார்டையும் அதோடு சேர்த்து வாங்குங்கள். ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளில் அந்த ஊரிலேயே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சான்று வாங்கிவிடுங்கள். வளைகுடாவில் உள்ள இந்தியப் பள்ளிகள் டி.சி. தரும், அதற்கு அங்கேயே அட்டஸ்டேஷன் (சான்றொப்பம்) முடித்துவிட்டு வாருங்கள்.

இத்தனையும் கொண்டுவந்த பிள்ளையை 'இது டி.சி. இல்லை' என்று திருப்பி அனுப்புகிற, அல்லது தமிழ் வரவில்லை என்று இரண்டு வகுப்பு இறக்கி உட்காரவைக்கிற பள்ளிகள் நம் பகுதியில் இருக்கின்றன. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையைத் தள்ளவோ மறுக்கவோ கூடாது என்கிறது. 4-ஆம் பிரிவு, பள்ளிக்கே போகாத பிள்ளைக்கும் வயதுக்குரிய வகுப்பும் சிறப்புப் பயிற்சியும் தருகிறது. வெளிநாட்டில் ஒழுங்காகப் படித்து வந்த பிள்ளைக்கு அதைக்கூடத் தராதது என்ன நியாயம்? 1960-களில் பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தவர்களுக்கு வியாசர்பாடியில் இடம் கொடுத்த பகுதி இது.

வெளிநாட்டுப் பள்ளியின் கடிதத்தையும் ரிப்போர்ட் கார்டையும் டி.சி.க்கு ஈடாக ஏற்கலாம் என்று எட்டாம் வகுப்பு வரையிலாவது எல்லாத் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்பப் பள்ளிக்கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் கடைசிப் பாடவேளையில் இந்தப் பிள்ளைகளைத் தமிழாசிரியரிடம் தனியாக உட்காரவைக்க வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடலாம். சேர்க்கை தொடங்குவதற்கு முன், மே மாதத்திலேயே அது பள்ளிகளுக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சிலர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.