பூதம் பொய்தானே, அம்மா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கதையில் வரும் பூதத்துக்குக் குழந்தை பயந்தால், அதற்குக் கதை எது, நிஜம் எது என்று தெரியவில்லை எனப் பெரியவர்கள் முடிவுகட்டிவிடுகிறோம். நான்கு வயது மகளின் தாயான எனக்கு இது சரியாகப் படவில்லை. மரக்கட்டையைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் பேசுகிறவள், பாட்டியிடம் உண்மையாகவே பேச வேண்டுமென்றால் என் கைபேசியைத்தான் கேட்கிறாள். ஆனால் விளக்கை அணைத்ததும், "பூதம் பொய்தானே, அம்மா?" என்று உறுதிப்படுத்திக்கொண்ட பிறகும், கட்டிலுக்கு அடியில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்கிறாள்.

உளவியலாளர் பால் ஹாரிஸ் குழுவினர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், காலிப் பெட்டிக்குள் ஒரு பூதமோ முயலோ இருப்பதாக 4, 6 வயதுக் குழந்தைகளைக் கற்பனை செய்யச் சொன்னார்கள். அது வெறும் கற்பனை என்று சொன்ன குழந்தைகளிலேயே சிலர், தனியே விடப்பட்டபோது பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். அறிவு ஒப்புக்கொண்டதை மனம் உடனே ஏற்பதில்லை. இது பெரியவர்களுக்கும் உள்ளதுதான்.

இதைவிட என்னை யோசிக்க வைப்பது வேறொன்று. கிருமி உண்டு, பூதம் இல்லை என்கிறோம்; இரண்டையுமே அவள் கண்டதில்லை, இரண்டையும் எங்கள் சொல்லை நம்பியே ஏற்கிறாள். அப்படியிருக்க, சாப்பிட வைப்பதற்காகப் "பூதம் பிடித்துக்கொண்டு போய்விடும்" என்று மிரட்டுவது, அவள் நிஜத்தை அறிய நம்பியிருக்கும் அந்தச் சொல்லையே கெடுக்கிறது. கதை சொல்வதை நிறுத்த வேண்டியதில்லை. மிரட்டுவதை நிறுத்துமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தாய்